கழுவி அனுப்பிய குப்பை

பள்ளிகளுக்கு நகராண்மைக் கழகம் பச்சை பிளாஸ்டிக் தொட்டிகள் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. சமையலறைக் கழிவை அதில் போட்டு எருவாக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டுமாம். போன மாதம் அதற்கென்று ஒரு கூட்டம் நடந்தது. ஓய்வுபெற்ற என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இளம் ஆசிரியை ஒருவர் மேடையில், "முதல் நாள் ஆசிரியர் தன் வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து பிள்ளைகள் முன்னால் திறந்து காட்ட வேண்டும். மலாக்காவில் இதற்குக் கதிரேசன் சார் முறை என்றே பெயர்" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த முறை என்னுடையது அல்ல. அது யாருடையது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். என்னைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இதில் நான் பொறாமைக்காரன். அதை மறைத்துவிட்டு எழுதினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

நான் ஆசிரியரான கதையைச் சுருக்கிவிடலாம். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பகலில் தற்காலிக ஆசிரியர் வேலை, சனி ஞாயிறில் பயிற்சி வகுப்பு என்று மூன்று வருஷம் ஓடியது. பிறகு மலாக்கா டவுனில் காஜா பெராங் பகுதித் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நிரந்தரமாகச் சேர்ந்தேன். தோட்டத்திலிருந்து வந்தவன் என்று பள்ளிக்கூடத்துக் காய்கறித் தோட்டத்தை என் தலையில் கட்டினார்கள். ரப்பர் மரத்துக்கும் வெண்டைக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் பெயர் சந்தியாகு. பெரிய வாத்தியார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. மேசையில் எப்போதும் ஆறு பென்சில்கள் வரிசையாக இருக்கும். நாம் ஏதாவது சொல்லப் போனால், ஒன்றை எடுத்துச் சவரப் பிளேடால் சீவ ஆரம்பிப்பார். நாம் பேசி முடிக்கும்வரை தலை நிமிராது. முடித்ததும் "அப்படியா" என்பார். முனையை ஊதிவிட்டு "அப்படியா" என்றால் நம்புகிறார் என்று பொருள். ஊதாமல் சொன்னால் நம்பவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பென்சிலை எடுத்தால் நாம் வெளியே போகலாம். இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, கிடைத்த மறுவருஷம் அவர் என்னைக் கூப்பிட்டார். டவுன் பிள்ளைகளுக்கு வீட்டுக் குப்பையை எருவாக்கக் கற்றுத்தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து குழியைப் பார்ப்பார். வேலை பிடித்திருந்தால் அந்த ஆசிரியரின் பெயரை எழுதிக்கொண்டு போவார். அவருக்குக் கோலாலம்பூரில் மூன்று மாதப் பயிற்சி. அந்தப் பெயர் என் பெயராக இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஆசிரியர் அறையில் என்னைத் 'தோட்டத்துப் பையன்' என்று சொல்லும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

பள்ளிக்குப் பின்னால் இரண்டு குழிகள் வெட்டினோம். ஒன்று பையன்களுக்கு, மற்றது பெண்பிள்ளைகளுக்கு. பையன்கள் குழி எனக்கு. பெண்பிள்ளைகள் குழிக்குப் போட்டிருந்த ஆசிரியை முதல் நாளே ஒரு புழுவைப் பார்த்துவிட்டு ஓடிப்போனார். பெரிய வாத்தியார் அந்தக் குழியைப் பள்ளிக்கூடம் கூட்டும் ஆயாவிடம் கொடுத்தார்.

அந்த ஆயாதான் மக் லெச்சு. பல தலைமுறையாக மலாய் பேசி வாழும் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில், பக்கத்திலேயே வீடு. நெற்றியில் பட்டையாகத் திருநீறு, உடம்பில் வெளுத்த கெபாயாச் சட்டை, இடுப்பில் பாத்தேக் சாரோங். பேச்சு முழுக்கச் செட்டி வீட்டு மலாய்தான். நடுவில் நாலைந்து தமிழ் வார்த்தை தலைகாட்டும். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அன்று என் மனசுக்குள் அவள்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எனக்குச் சமமாக ஒரு குழியை வைத்துக்கொண்டு நிற்பதா என்று முதல் நாளே முகம் சுளித்தேன்.

வேலை இதுதான். நாலடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி. மழைத் தண்ணீர் இறங்காமல் மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. அடியில் சுள்ளி, அதன்மேல் காய்ந்த இலை ஒரு சாண், அதன்மேல் வீட்டுக் கழிவு நாலு விரல் கனம், பிறகு பழைய மண் தூவல். இப்படியே அடுக்கிக்கொண்டு போய்ச் சாக்கால் மூட வேண்டும். மாடு இல்லாத டவுன் வீட்டிலும் செய்ய வேண்டும் என்பதால் சாணம் சேர்க்கக் கூடாது. பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். குழி வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, நூறு எண்ணிவிட்டு உருவுவேன். கம்பியை ஐந்து எண்ணும்வரைகூடப் பிடிக்க முடியாமல் சுட்டால் உள்ளே மக்க ஆரம்பித்துவிட்டது. மக் லெச்சுவிடம் கம்பி கிடையாது. கெபாயாக் கையை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டு வரை உள்ளே விடுவார். தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். "பெலும்" என்பார். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை தோறும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பால் டின் நிறையக் குப்பை கொண்டுவர வேண்டும். என் பையன்கள் கொண்டுவந்த டின்களைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழைக்காய்த் தோல், பூசணித் தோல், வெங்காயச் சருகு எல்லாம் அப்படியொரு சுத்தம். ஒரு வாசனை கிடையாது. மிகச் சுத்தமான டின் யாருடையது என்று வாரா வாரம் வகுப்பில் பெயர் சொல்லிப் பாராட்டினேன். அடுத்த வாரம் இன்னும் சுத்தமாக வந்தது. கோவிந்தன் என்ற பையனின் டின்னில் ஒருநாள் தோலுக்கு மேலே நாலு நல்ல கத்தரிக்காய் இருந்தது. குழியில் போட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி ருக்மணி அன்றைக்கு அதைக் காரக்குழம்பு வைத்தாள். அதற்கடுத்த வாரம் மூன்று டின்களில் நல்ல காய் வந்தது.

பெண்பிள்ளைகள் குழிப் பக்கம் நின்றால் மூக்கைப் பொத்த வேண்டும். கெட்டுப்போன சோறு, தேங்காய்ச் சக்கை, மீன் முள், தேயிலைத் தூள், பிளாச்சான் என்ற இறால் விழுது கழுவிய தண்ணீர் எல்லாம் அந்த டின்களில் வரும். மக் லெச்சு அதையெல்லாம் நடுவில் ஆழமாகப் புதைத்து, சாம்பலும் இலையும் போட்டு மூடுவார்.

மூன்றாவது வாரம் அந்தக் குழியிலிருந்து காலையில் ஆவி எழுந்தது. என் கம்பியைக் கடன் வாங்காமலே அவர் கையை விட்டு, "சுடா பானாஸ்", சூடாகிவிட்டது என்றார். பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை விட்டுப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். என் கம்பியை உருவிப் பார்த்தேன். பிடித்துக்கொண்டு இருபது எண்ணினேன், முப்பது எண்ணினேன். வாய்ப்பாடே சொல்லி முடித்திருக்கலாம்.

எனக்கு வயிறு எரிந்தது. பத்து நாள் கழித்துக் கிளறினேன். தண்ணீர் தெளித்தேன். புத்தகத்தை மறுபடி படித்தேன். போட்ட தோல் போட்டபடி காய்ந்து கிடந்தது. இதைவிடக் கொடுமை, அந்தப் 'பெலும்' வகுப்புக்குள் வந்துவிட்டது. கணக்குப் போட்டாச்சா என்று கேட்டால் என் பையன்களே "பெலும் சார்" என்பார்கள். பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் வாரத்துக்குப் பதினைந்து பாடம் நடத்துகிறவன். நான் சொன்ன ஒரு வார்த்தை இப்படிப் பள்ளி முழுக்கப் பரவியதாக ஞாபகம் இல்லை.

பொறுக்க முடியாமல் பெரிய வாத்தியாரிடம் போனேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"சார், பொம்பளப் புள்ளைங்க குழியில முறை இல்ல. ஆயா தன் வீட்டுச் சாமான கொண்டாந்து போடறாங்களோன்னு சந்தேகமா இருக்கு. தமிழும் தெரியாது. புள்ளைங்க அவங்ககிட்ட என்ன கத்துக்கும்? இன்ஸ்பெக்டர் கேட்டா நமக்குத்தான் சூசா, தொந்தரவு."

அவர் ஊதவில்லை. "அப்படியா" என்றார். பிளேடைக் கீழே வைத்தார். "அப்போ அந்தக் குழியையும் நீங்களே பாத்துக்குங்க."

வெற்றி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். விஷயத்தை மக் லெச்சுவிடம் நானே சொன்னேன். அவர் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பெண்பிள்ளைகளின் டின்களைத் திறந்தேன். நாற்றமே இல்லை. எல்லாம் பளபளவென்று சுத்தம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. இரண்டாவது குழியில் ஆவி வருவது நின்றுபோனது. மறு கிளறலில் அதுவும் ஆறிப்போனது. இப்போது என் பொறுப்பில் இரண்டு குழி, இரண்டும் பிணம். இன்ஸ்பெக்டர் வர ஆறு வாரம்தான் இருந்தது.

கோவிந்தனின் தங்கை சரசு டின்னை நீட்டியபோது அவளைத் தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"முன்ன எல்லாம் ஒன் டின்னுல மீன் முள்ளு, சோறெல்லாம் இருக்குமே. இப்போ எங்க?"

"அது ஆயாவுக்கு சார். இது ஒங்களுக்கு."

"என்ன ஆயாவுக்கு, எனக்கு? குப்பை ஒண்ணுதானே?"

"அம்மா திட்டுவாங்க சார். வாத்தியாருக்கு நாத்தம் புடிச்சத கொடுத்தா பாவமாம். கழுவி, வெயில்ல காயவச்சுத்தான் கொடுப்பாங்க. அண்ணன் டின்னையும் அப்படித்தான்." கொஞ்சம் தயங்கினாள். "கத்தரிக்கா நல்லா இருந்துச்சான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க சார். குப்பைன்னு சார் வாய்விட்டுச் சொன்னாலும் மனசுல காய்கறிதான் கேக்கறாங்கன்னு பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்களாம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அத்தனை வாரமும் தாய்மார்கள் குப்பையைக் கழுவி, உலர்த்தி, மரியாதையோடு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஈரமும் இல்லை, அழுகலும் இல்லை. எதை வைத்து மக்கும்? நான் வேறு அதைப் பாராட்டிப் பாராட்டி வளர்த்திருக்கிறேன்.

அன்று பள்ளி விட்டதும் கம்போங் செட்டிக்கு நடந்தேன். மக் லெச்சு வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கிடந்த பலகையைக் காலால் தள்ளினார். உட்கார்ந்தேன். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"குழி ரெண்டும் ஆறிப்போச்சு, மக் லெச்சு."

"தெரியும்."

"எனக்குக் கழுவித்தான் அனுப்பறாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

துருவுவது நின்றது. "நீங்க என்கிட்ட கேட்டீங்களா? என்னைப் பத்திப் பெரிய வாத்தியார்கிட்டதானே பேசினீங்க."

அவர் மறுபடி துருவ ஆரம்பித்தார். "ஒங்களுக்கு மட்டும் எப்படித் தந்தாங்க?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியிலும் என் வயிற்றெரிச்சல் தெரிந்திருக்கும்.

"குப்பைய பாத்தா அந்த வீட்டுல நேத்து என்ன திங்கலன்னு தெரிஞ்சுடும். மூணு நாளும் மரவள்ளிதான்னு தெரிஞ்சுடும். அதை யாரு வாத்தியாருக்குக் காட்டுவா? நான் என் வீட்டு டின்னை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலுக்கும் போனேன். தொறந்து காட்டினேன். பாரு, என் வீட்டுல நேத்து மீன் குழம்பு கெட்டுப்போச்சு, ஒன் வீட்டுல என்ன கெட்டுப்போச்சுன்னு கேட்டேன். அவ்வளவுதான்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க வீட்டுல எதுவும் கெட்டுப்போகாதா, சார்?"

அதுவரை என் வீட்டிலிருந்து ஒரு வெங்காயத் தோல்கூட அந்தக் குழிக்குப் போனதில்லை.

திங்கட்கிழமை காலையில் ருக்மணியோடு சண்டை. டின்னில் மீன் குடல், புளித்துப்போன சாம்பார், அடிப்பிடித்த சோறு, மூன்று நாள் தேங்காய்ச் சக்கை.

"என்னங்க இது, இத எடுத்துக்கிட்டு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுல போவீங்களா? கடைக்காரங்க நாலு பேரு பாக்க மாட்டாங்க?"

"பாக்கட்டும்."

"அந்த அடிப்புடிச்ச சோத்தையாவது எடுத்துடுங்க. எனக்குச் சோறு வைக்கத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லும்."

"அதுதான் வேணும்."

அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளைக் காற்சட்டையோடு சைக்கிள் கைப்பிடியில் அந்த டின்னை மாட்டிக்கொண்டு ஜவுளிக்கடைகளையும் மளிகைக்கடைகளையும் தாண்டிப் போனேன். ஈக்கள் கூடவே வந்தன. இரண்டு குழிப் பிள்ளைகளையும் நிறுத்தி நடுவில் வைத்துத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து இது நேற்றுக் கெட்டது, இது முந்தாநாள் மிஞ்சியது என்று சொன்னேன். கோவிந்தன்தான் மெதுவாக, "சார் வீட்டுலயும் சோறு அடிப்புடிக்குமா?" என்றான். "வாரத்துல ரெண்டு நாள்" என்றேன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தச் சேதி மத்தியானத்துக்குள் எல்லா அடுப்படிக்கும் போயிருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலிலேயே நாற்றம் அடித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கோவிந்தன் டின்னில் கத்தரிக்காய் இல்லை, மீன் தலை இருந்தது. பெரிய வாத்தியாரிடம் போய்ப் பெண்பிள்ளைகள் குழியை ஆயாவுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. முனையை ஊதிவிட்டு "அப்படியா" என்றார்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று முடித்தால் நன்றாக இருக்கும். பத்தாவது நாள் என் கம்பி சுட்டது. ஆனால் மக் லெச்சுவின் குழி எட்டாவது நாளே ஆவி விட்டுவிட்டது. பெண்பிள்ளைகள் வந்து அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தபோது, பழைய எரிச்சல் அத்தனையும் திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு குழியிலும் கறுப்பாக, மண் வாசனையோடு எரு. அள்ளி முகர்ந்தார். டின்களைப் பார்த்தார். பிள்ளைகள் கூச்சமில்லாமல் இப்படிக் கொண்டுவருவதை வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். ஆசிரியரே முதலில் தன் டின்னைத் திறந்து காட்டியதைச் சொன்னேன்.

"நல்ல யோசனை. யாருடையது?"

பத்தடி தூரத்தில் ஜம்பு மரத்தடியில் மக் லெச்சு சருகு கூட்டிக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைகள் குழி ஓரமாக வரிசையில் நின்றார்கள். பெரிய வாத்தியார் பக்கத்தில் நின்றார்.

"என்னுடையதுதான் சார்" என்றேன்.

ஈர்க்குமாற்றின் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. பெரிய வாத்தியார் கையில் அன்று பென்சில் இல்லை. வெறுங்கையோடு என்னைப் பார்த்து, "அப்படியா" என்றார்.

என் பெயரை எழுதிக்கொண்டு போனார். கோலாலம்பூருக்குப் போனேன். பயிற்சியில் அந்த முறையை எல்லாருக்கும் விளக்கினேன். அதன்பிறகு வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளியிலும் என் டின்னைத்தான் முதலில் திறந்தேன். தோட்டத்துப் பையன் என்று யாரும் சொல்லவில்லை. மக் லெச்சு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவர் இறந்த செய்தி வந்தபோது நான் வேறு பள்ளியில் இருந்தேன். வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன்.

போன வாரம் சரசு தன் மகனின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாள். அவள் தலையிலும் நரை. பின்கட்டில் நான் போட்டு வைத்திருக்கும் எருக்குவியலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய்விட்டாள்.

"சூடாயிருச்சா சார்?"

"ஆயிருச்சு. காலையிலதான் கம்பி போட்டுப் பாத்தேன்."

அவள் வளையலை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டு வரை கையை விட்டாள். தலையைச் சாய்த்தாள். "பெலும்" என்றாள்.

இத்தனை வயதில், பேரன் பேத்தி எடுத்த பிறகு, எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. ஆறு வருஷம் அந்தப் பிள்ளை என் கண் முன்னால் படித்தது. ஞாபகம் வைத்திருப்பது ஆயாவின் கையை. அந்த எரிச்சலில்தானோ என்னவோ, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"சரசு, டின்னைத் திறந்து காட்டற அந்த முறை என்னோடது இல்ல. மக் லெச்சு சொல்லிக் கொடுத்தது."

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "தெரியும் சார். நாங்க எல்லாரும் அங்கதானே நின்னோம். அன்னிக்கே பெரிய வாத்தியார்கிட்ட போய்ச் சொல்லலாம்னு கெளம்பினோம். ஆயா விடல. சார் தானே சொல்லுவாருன்னாங்க."

"எப்போன்னு கேக்கலியா?"

"அடுத்த வாரம் கேட்டோம். மறுவருஷம் கேட்டோம். நான் கல்யாணம் ஆகி வந்த பெறகும் ஒருதடவ கேட்டேன்." சிரித்தாள். "பெலும்னுதான் சொன்னாங்க."

கை கழுவ அவள் குழாயடிக்குப் போனாள். கம்பி கதவோரம் சாத்தியிருந்தது. எடுக்கப் போனவன் எடுக்காமல் திரும்பி வந்து, குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை உள்ளே விட்டேன். அந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்தும் வெறுங்கையை விட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே வெதுவெதுப்புதான் இருந்தது. அவள் சொன்னது சரி.